முயல் காதிலிருந்து மயிலாப்பூர் வரை

கொலை வழக்கில் பிடிபட்டவர் சொல்லும் சமாதானங்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கும். வேட்டியில் ரத்தம் எப்படி வந்தது? கோயிலில் கிடா வெட்டினேன். அரிவாளில்? கோழி அறுத்தது. சட்டையில் செம்புள்ளி? வெற்றிலை எச்சில், வார்னிஷ், இரும்புத் துரு. இவற்றில் எதையும் எடுத்த எடுப்பில் பொய் என்று தள்ளிவிட முடியாது. தேங்காய் வெட்டும் அரிவாளே கிடாவும் வெட்டும் ஊர்கள் நம்முடையவை. காய்ந்த பிறகு ஆட்டு ரத்தமும் ஆள் ரத்தமும் கண்ணுக்கு ஒரே பழுப்புதான்.

இந்தச் சமாதானங்களைச் சோதித்துப் பார்க்க 1901-ல் ஒரு திரவம் வந்து சேர்ந்தது. வெளிர் மஞ்சள் நிறம். ஒரு சோதனைக்குச் சில சொட்டுகள் போதும். மனித எதிர்ச்சீரம் என்று பெயர். ஆய்வகத்தார் ஆன்டிசீரா என்பார்கள். முயலின் காதுச் சிரையில் தொடங்கி, ஜெர்மனியிலிருந்து கல்கத்தாவுக்கும் சென்னைக்கும் வந்த அதன் பயணம் 120 ஆண்டுகளைத் தாண்டிவிட்டது. அதற்குப் பதில் தெரிந்த கேள்வி ஒன்றே ஒன்றுதான்: இது மனித ரத்தமா? அந்தப் பதில் கிடைத்ததாலும் கிடைக்காமல் போனதாலும் வழக்குகள் திசை மாறியிருக்கின்றன.

பிறப்புக்கு முன்

எதிர்ச்சீரம் வருவதற்கு முன்பும் முயற்சிகள் நடந்தன. 1829-ல் பிரெஞ்சு வேதியியலாளர் பாருவேல், ரத்தத்தில் கந்தக அமிலம் ஊற்றி, கிளம்பும் வாசனையை முகர்ந்தே அது எந்த உயிரினுடையது என்று சொல்லிவிடலாம் என்றார். ஆளுக்கு ஆள் மூக்கு வேறு. நீதிமன்றத்துக்கு அது ஆகவில்லை.

அடுத்து வந்தது நுண்ணோக்கி. மனிதச் சிவப்பணுவின் குறுக்களவு சுமார் 7.5 மைக்ரோமீட்டர். செம்மறி ஆட்டினுடையது 5-க்கும் குறைவு. வெள்ளாட்டினுடையது இன்னும் சிறியது. கோழியின் அணு நீள்வட்டமாக, நடுவில் உட்கருவோடு இருக்கும். ஈரம் உலராத ரத்தத்தில் இவற்றைப் பார்த்துச் சொல்லலாம். ஆனால் போலீஸ் கைக்கு வரும் ரத்தம் நாள்கணக்கில் துணியில் காய்ந்தது. அணுக்கள் சுருங்கி உடைந்து உருத்தெரியாமல் போயிருக்கும். போதாததற்கு, நாயின் சிவப்பணு மனிதனுடையதற்கு வெகு அருகில் வரும் அளவு.

1853-ல் டைக்மன் என்ற உடற்கூற்றியலாளர், கறையைச் சிறிது உப்போடும் அசிட்டிக் அமிலத்தோடும் சூடாக்கினால் பழுப்பு நிறப் படிகங்கள் உண்டாவதைக் காட்டினார். பத்தாண்டு கழித்து, ஹைட்ரஜன் பெராக்சைடு பட்டால் ரத்தம் நுரைப்பதை ஷோன்பைன் என்பவர் காட்டினார். இது ரத்தமா, சாயமா என்ற கேள்விக்கு இவற்றால் ஓரளவு விடை கிடைத்தது. யாருடைய ரத்தம் என்ற கேள்வி அப்படியே நின்றது. 19-ஆம் நூற்றாண்டு முடியும்வரை “ஆட்டு ரத்தம்” என்று சொன்னவனை மறுக்க அறிவியலிடம் உறுதியான வழி இல்லை.

கிரைஃப்ஸ்வால்டின் முயல்கள்

வழி வேறொரு பக்கத்திலிருந்து திறந்தது. 1890-களில் ஐரோப்பிய மருத்துவ உலகம் நோய் எதிர்ப்பு என்பதன் மர்மத்தைத் துருவிக்கொண்டிருந்தது. ஒரு விலங்கின் உடலில் அந்நியப் பொருள் நுழைந்தால், அதை எதிர்க்கும் பொருள் அதன் ரத்தத்தில் உருவாகிறது. 1897-ல் வியன்னாவில் ருடால்ஃப் கிராஸ் இதைக் கண்ணால் பார்க்கும்படி செய்தார். கிருமி வளர்த்த திரவத்தின் வடிநீரோடு, அந்தக் கிருமிக்கு எதிராகத் தயாரான சீரத்தை (ரத்தம் உறைந்தபின் மேலே தெளியும் நீர்) சேர்த்தார்; தெளிவாக இருந்த திரவம் கலங்கி, வெண்மையாக வீழ்படிவு விழுந்தது. இரண்டே ஆண்டுகளில், இப்படி நடக்கக் கிருமிதான் வேண்டும் என்பதில்லை, பாலிலும் வேற்று விலங்கின் ரத்தத்திலும் உள்ள புரதமே போதும் என்று போர்தே, சிஸ்டோவிச் என்ற ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

இந்தக் கண்டுபிடிப்பைக் குற்றவியலின் வாசலுக்குக் கொண்டுவந்தவர் பால் உலென்ஹூத். 1870-ல் ஹனோவரில் பிறந்தவர், ராணுவ மருத்துவர், பெர்லினில் ராபர்ட் கோக்கின் நிறுவனத்தில் பயின்றவர். பால்டிக் கடலோரப் பல்கலைக்கழக நகரமான கிரைஃப்ஸ்வால்டுக்கு அவர் போனது கால்நடைகளின் கோமாரி நோயை ஆராய. அங்கே ஃபிரீட்ரிக் லோஃப்லரிடம் பணியாற்றிய காலத்தில், பக்கவேலையாக முட்டையின் வெள்ளைக்கருவைக் கையில் எடுத்தார். கோழி முட்டையின் வெள்ளைக்கருவை முயலுக்குச் செலுத்தி, பிறகு அந்த முயலின் சீரத்தை எடுத்துப் பார்த்தார். கோழி முட்டைக் கரைசலில் அது வீழ்படிவைத் தந்தது. மாட்டுப் புரதம், குதிரைப் புரதம் எதையும் அது கண்டுகொள்ளவில்லை.

முட்டையில் பலித்தது ரத்தத்திலும் பலித்தது. கோழி ரத்தம் செலுத்தப்பட்ட முயல் கோழி ரத்தத்தை அடையாளம் கண்டது. மனித ரத்தம் செலுத்தப்பட்ட முயலின் சீரம், மாடு, குதிரை, கழுதை, பன்றி, ஆடு, நாய், பூனை என்று வரிசையாக வைத்த ரத்தக் கரைசல்களில் மனிதனுடையதை மட்டும் கலக்கிக் காட்டியது. 1901 பிப்ரவரி 7-ஆம் தேதி இது பற்றிய அவருடைய கட்டுரை வெளியானது. அதே மாதத்திலேயே பெர்லினில் வாசர்மன், ஷூட்ஸே என்ற ஆய்வாளர்கள் தனியாகச் செய்த ஆய்வில் அதே முடிவை வெளியிட்டார்கள். கிரைஃப்ஸ்வால்டின் தடய மருத்துவப் பேராசிரியர் ஓட்டோ பாய்மர் துணையோடு, துணி, மரம், இரும்பு முதலியவற்றில் காய்ந்து கிடந்த பழைய கறைகளிலும் சோதனை பலிக்கிறது என்று உலென்ஹூத் உறுதிசெய்துகொண்டார். ரத்த அணு உடைந்தாலும் புரதம் பிழைத்திருக்கிறது என்பதுதான் இதன் உயிர்நாடி.

தச்சன் சொன்ன சாயம்

அந்த ஆண்டு ஜூலையிலேயே வழக்கு வந்துவிட்டது. கிரைஃப்ஸ்வால்டுக்கு வடக்கே ரூகன் தீவில், கோரன் என்ற ஊரில், விளையாடப் போன சிறுவர்கள் இருவர், அண்ணனும் தம்பியும், காட்டுக்குள் வெட்டிச் சிதைக்கப்பட்டுக் கிடந்தார்கள். லுட்விக் டெஸ்னோ என்ற தச்சன் மீது சந்தேகம் விழுந்தது. துவைத்த அவனுடைய உடைகளில் கறைகள் தெரிந்தன. மரத்துக்குப் பூசும் சாயம் என்றான். தச்சன் உடையில் சாயம் இருப்பது நியாயம்தானே?

விசாரணை நீதிபதிக்கு இது எங்கோ கேட்டதாக நினைவு தட்டியது. 1898-ல் ஓஸ்னாப்ரூக் அருகே லெக்டிங்கனில் இரண்டு சிறுமிகள் இதே விதமாகக் கொல்லப்பட்டிருந்தார்கள். அங்கே பிடிபட்ட தச்சனும் கறையைச் சாயம் என்றே சொல்லி வெளியே வந்திருந்தான். பெயரை விசாரித்தால், அதே டெஸ்னோ. ரூகனில் கொலைக்குச் சில வாரங்கள் முன்பு ஒருவர் மேய்ச்சலில் விட்ட செம்மறி ஆடுகளை யாரோ குத்திக் கிழித்துப் போட்டிருந்ததும் தெரியவந்தது. ஓடிய ஆளைப் பார்த்த ஆட்டுக்காரர் டெஸ்னோவை அடையாளம் காட்டினார்.

உடைகள் உலென்ஹூத்திடம் அனுப்பப்பட்டன. கறைகளை ஒவ்வொன்றாக வெட்டி எடுத்து, உப்புநீரில் ஊறவைத்து, மனித எதிர்ச்சீரத்தாலும் ஆட்டு எதிர்ச்சீரத்தாலும் சோதித்தார். சில கறைகள் மனித ரத்தம். வேறு சில செம்மறி ஆட்டு ரத்தம். மனித ரத்தமும் ஆட்டு ரத்தமும் ஒரே உடுப்பில் சாட்சி சொல்லின. டெஸ்னோவுக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது.

இந்த வழக்கில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. எதிர்ச்சீரம் டெஸ்னோவின் பெயரைச் சொல்லவில்லை. அந்த ரத்தம் கொல்லப்பட்ட சிறுவர்களுடையது என்றுகூடச் சொல்லவில்லை. சாயம் என்ற பதிலை மட்டும் உடைத்தது. மற்றதை நீதிபதியின் நினைவாற்றலும், ஆட்டுக்காரரின் கண்ணும், சாட்சிகளும் செய்தன. பிறகு வந்த ஒவ்வொரு வழக்கிலும் அதன் பங்கு இவ்வளவுதான்.

வெண் வளையம்

தயாரிக்கும் முறை சொல்ல எளிது, செய்யப் பொறுமை வேண்டும். மனித சீரத்தைச் சில நாள் இடைவெளிகளில் பலமுறை முயலுக்குச் செலுத்துவார்கள். சில வாரங்களில் முயலின் ரத்தத்தில் எதிர்ப்பொருள் திரண்டுவிடும். காதுச் சிரையில் ரத்தம் எடுத்து உறையவைத்தால் மேலே தெளியும் நீர்தான் எதிர்ச்சீரம். அதை அப்படியே பயன்படுத்திவிடக் கூடாது. ஆயிரத்தில் ஒரு பங்காக நீர்த்த மனித ரத்தத்தையும் அது கண்டுகொள்கிறதா, மற்ற விலங்கு ரத்தங்களில் சும்மா இருக்கிறதா என்று சோதித்துத் தேர்வு பெற வைக்க வேண்டும்.

சோதனை மெல்லிய கண்ணாடிக் குழாயில் நடக்கும். அடியில் எதிர்ச்சீரம், மேலே கறையின் சாறு. இரண்டும் கலக்காமல் தொட்டுக்கொள்ளும் இடத்தில் சில நிமிடங்களில் வெள்ளையாக ஒரு வளையம் தோன்றினால் மனித ரத்தம். பக்கத்திலேயே இன்னும் சில குழாய்கள் நிற்கும்: வெறும் உப்புநீர், தெரிந்த மனித ரத்தம், தெரிந்த விலங்கு ரத்தம், கறை படாத அதே துணியின் சாறு. கடைசிக் குழாய் மிக முக்கியம். பதனிட்ட தோல், மரப்பட்டை போன்றவற்றில் உள்ள டானின் புரதத்தைத் தானாகவே வீழ்த்திப் பொய் வளையம் காட்டும். செருப்பில் கிடைத்த கறை என்றால் செருப்பையும் சந்தேகிக்க வேண்டும்.

முயலுக்கும் ஒரு குறை உண்டு. தன் இனத்தின் ரத்தத்தை அது அந்நியமாக நினைக்காது. ஆகவே முயல் ரத்தத்தைக் கண்டுபிடிக்க முயல் உதவாது. அதற்குக் கோழியைப் பிடித்தார்கள்.

இந்தச் சீரம் கொலை வழக்குகளோடு நிற்கவில்லை. மாட்டிறைச்சி என்று சொல்லி விற்ற தொத்திறைச்சியில் குதிரை கலந்திருக்கிறதா என்று பார்க்கவும் உலென்ஹூத் இதே வழியைக் காட்டினார். அந்தக் கேள்வி நமக்கும் புதிதல்ல. 2018 நவம்பரில் ராஜஸ்தானிலிருந்து சென்னை எழும்பூர் நிலையத்துக்கு வந்த 2,000 கிலோவுக்கு மேற்பட்ட இறைச்சியை நாய்க்கறி என்று ஊரே பேசியது. சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் பரிசோதனைதான் அது ஆட்டிறைச்சி என்று சொல்லி வதந்தியை அடக்கியது.

கேம்பிரிட்ஜில் ஜார்ஜ் நட்டால் சீரத்தை இன்னும் தூரம் அழைத்துப் போனார். உலகெங்கும் இருந்து வடிதாளில் உலர்த்திய விலங்கு ரத்த மாதிரிகளை வரவழைத்து, 16,000 சோதனைகள் செய்து 1904-ல் நூலாக்கினார். மனித எதிர்ச்சீரம் சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான் ரத்தங்களில் மனித ரத்தத்தை ஒட்டிய அளவுக்கே கலங்கியது. ஆப்பிரிக்க, ஆசியக் குரங்குகளில் குறைந்தது. அமெரிக்கக் கண்டத்துக் குரங்குகளில் மேலும் குறைந்தது. டார்வின் சொன்ன உறவுமுறை கண்ணாடிக் குழாயில் வீழ்படிவாக விழுந்தது. நீதிமன்றத்துக்கு அதே முடிவு ஓர் எச்சரிக்கை: குரங்கு என்ற சமாதானத்தை இந்தச் சீரத்தால் முழுதாக மறுக்க முடியாது. உறவு நெருங்கிய விலங்குகள் எல்லாவற்றிலும் இதே சிக்கல். செம்மறியையும் வெள்ளாட்டையும், குதிரையையும் கழுதையையும் பிரிப்பது கடினம்.

சிலர் எதிர்ச்சீரத்தின் வாயில் வேறு பதில்களைத் திணிக்கவும் பார்த்தார்கள். 1907-ல் கார்ல் புரூக் என்ற ஜெர்மானிய மருத்துவர், ஜாவாவில் செய்த ரத்தச் சோதனைகளைக் காட்டி, மனித இனங்களையே சீரத்தால் வகைபிரிக்கலாம் என்றார். அது நிற்கவில்லை. மனிதன் என்பதற்கு மேல் சாதியோ இனமோ அந்த முயலுக்குத் தெரியவில்லை.

கல்கத்தா வழியாக

இந்தியாவில் இதற்கு முன்பே ஒரு களம் தயாராக இருந்தது. நாட்டின் முதல் ரசாயனப் பரிசோதனைக் கூடம் 1849-ல் சென்னை மாகாணத்தில் ஏற்பட்டது. நஞ்சு வழக்குகளே அதன் பெரும் பிழைப்பு. கல்கத்தா, ஆக்ரா, பம்பாய் எல்லாம் பின்னால் வந்தவை. இந்தக் கூடங்களில் கறை ரத்தமா என்று சொல்ல முடிந்தது, அதற்கு மேல் முடியவில்லை.

இந்திய மருத்துவப் பணியில் இருந்த டபிள்யூ. டி. சதர்லண்ட் 1907-ல் ரத்தக்கறைகளைப் பற்றி மருத்துவர்களுக்கும் வழக்கறிஞர்களுக்கும் ஒரு கையேடு எழுதினார். பின்னாளில் கல்கத்தாவில் அவர் அமர்ந்த பதவியின் பெயர் இம்பீரியல் சீரலாஜிஸ்ட். நாடு முழுவதிலுமிருந்து கறைகள் அந்த அலுவலகத்தைத் தேடிப் போயின. சென்னை மாகாணத்து வழக்கு என்றால் கறைக்கு இரண்டு நிலையங்கள். முதலில் சென்னையின் ரசாயனப் பரிசோதகர் ரத்தம் என்று சொல்வார்; பிறகு வெட்டி எடுத்த துண்டு கல்கத்தாவுக்குப் போகும்; மனித ரத்தம் என்ற அறிக்கை அங்கிருந்து திரும்பும். அந்தக் காலத் தீர்ப்புகளில் இந்த இரண்டு அறிக்கைகளும் இணைபிரியாமல் வரும். சுதந்திரத்துக்குப் பின் மாநிலங்கள் தங்கள் தடய அறிவியல் ஆய்வகங்களில் சீரவியல் பிரிவு தொடங்கியதும் அந்த ரயில் பயணம் நின்றது.

மகஜரிலிருந்து மயிலாப்பூர்

இப்போது தமிழ்நாட்டில் ஒரு கறையின் பாதை இது. சம்பவ இடத்தில் சாட்சிகள் முன்னிலையில் பார்வை மகஜர் என்ற பதிவை எழுதுவார்கள். ரத்தம் தோய்ந்த மண் ஒரு பொட்டலம், பக்கத்தில் ரத்தம் படாத மாதிரி மண் ஒரு பொட்டலம். கண்ணாடிக் குழாயில் கறையில்லாத துணி செய்யும் வேலையை இங்கே மாதிரி மண் செய்கிறது. கைதானவர் காட்டிய இடத்தில் அரிவாள், கைலி, சட்டை எடுக்கப்படும். கிராம நிர்வாக அலுவலரும் உதவியாளரும் சாட்சிக் கையெழுத்திடுவார்கள். பொருள்கள் படிவம் 95-ல் நீதிமன்றத்துக்குப் போகும். அங்கிருந்து நீதிமன்றக் கடிதத்தோடு ஆய்வகத்துக்கு. மாநிலத்தின் தலைமை ஆய்வகம் மயிலாப்பூரில் காமராசர் சாலையில் இருக்கிறது. அங்கே உயிரியல் பிரிவு ரத்தம் என்று சொல்லும். சீரவியல் பிரிவு மனிதன் என்றும், முடிந்தால் ரத்தப் பிரிவு ஏ, பி, ஓ என்றும் சொல்லும். அரசு நிபுணரின் இத்தகைய அறிக்கையை அவரைக் கூண்டில் ஏற்றாமலே சாட்சியமாக ஏற்கலாம் என்றது 1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 293-ஆம் பிரிவு. இப்போது அது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 329.

அறிக்கையில் வழக்கறிஞர்கள் தேடும் சொற்கள் சில உண்டு: “மனித ரத்தம்”, “முடிவு தெரியவில்லை”, “சிதைந்துவிட்டது”. கடைசிச் சொல்தான் அதிகச் சண்டைக்குக் காரணம். ஈரத் துணியைப் பிளாஸ்டிக் உறையில் திணித்துக் காவல் நிலைய அறையில் போட்டால், நம் ஊர் வெக்கையில் கிருமிகள் புரதத்தைத் தின்று தீர்த்துவிடும். மயிலாப்பூர் வந்து சேரும்போது அடையாளம் காண எதுவும் மிஞ்சாது.

அப்போது என்ன செய்வது? 1962-ல் ராகவ் பிரபன்ன திரிபாதி வழக்கில், மனித ரத்தம் என்று நிறுவப்படாத கறையால் அரசுத் தரப்புக்குப் பயனில்லை என்று உச்ச நீதிமன்றத்தின் பெரும்பான்மை நீதிபதிகள் கருதினார்கள். 1999-ல் தேஜா ராம் வழக்கில் இரண்டு கோடரிகள். ஒன்றில் மனித ரத்தம், மற்றொன்றில் மூலம் தெரியவில்லை. கறை சிறிதாக இருந்தாலும், சிதைந்திருந்தாலும் மூலம் தெரியாமல் போகலாம். அதனாலேயே அது மனித ரத்தம் இல்லை என்று ஆகிவிடாது என்றது நீதிமன்றம். 2019-ல் பல்வான் சிங் வழக்கில் முந்தைய தீர்ப்புகளை எல்லாம் அலசி, எல்லா வழக்குக்கும் பொருந்தும் ஒரே சூத்திரம் கிடையாது, கைப்பற்றியதில் சந்தேகம் உண்டா, மற்ற சாட்சியம் எவ்வளவு வலு என்று வழக்குக்கு வழக்கு பார்க்க வேண்டும் என்றது. அந்த வழக்கில் குற்றஞ்சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள்.

புதிய உடல்கள்

எதிர்ச்சீரத்தின் வடிவம் மாறிக்கொண்டே வந்தது. 1940-களின் இறுதியில் சுவீடனின் ஓக்டர்லோனி, குழாய்க்குப் பதில் அகர் கூழ்த் தட்டில் குழிகள் வெட்டி, சீரத்தையும் சாற்றையும் எதிரெதிரே ஊறவிட்டார். சந்திக்கும் இடத்தில் வெண்கோடு விழுந்தது. 1960-களில் லண்டன் போலீஸ் ஆய்வகத்தின் பிரயன் கல்லிஃபோர்ட், மின்சாரத்தைப் பாய்ச்சி இரண்டையும் ஒன்றை நோக்கி ஒன்று ஓடவைத்தார். நாள்கணக்கில் ஆகும் சோதனை நிமிடக் கணக்குக்கு வந்தது.

இன்று அதன் வாரிசு ஒரு பிளாஸ்டிக் பட்டை. கர்ப்பப் பரிசோதனைப் பட்டையைப் பார்த்தவர்களுக்கு இதுவும் விளங்கிவிடும். சில சொட்டு விட்டால் பத்து நிமிடத்தில் கோடு. இது தேடுவது மனித ஹீமோகுளோபினை. பழைய குறை இங்கும் தொடர்கிறது. சிம்பன்சியின் ஹீமோகுளோபின் சங்கிலிகள் மனிதனுடையவற்றோடு அச்சாக ஒன்றே. பட்டையால் பிரிக்க முடியாது. ஃபெரட் என்ற வளர்ப்பு விலங்கின் ரத்தமும் சில பட்டைகளை ஏமாற்றிவிடும். ரத்தம் அளவுக்கு மிஞ்சினாலும் கோடு விழாமல் போகும். நீர்த்துச் சோதிக்கத் தெரிந்த கை வேண்டும்.

டிஎன்ஏ வந்த பிறகு இது எதற்கு என்று கேட்கலாம். டிஎன்ஏ ஆளையே காட்டுகிறது. வேட்டை வழக்குகளில் மான் எது, ஆடு எது என்றும் பிரித்துவிடுகிறது. ஆனாலும் ஒரு சட்டையில் நாற்பது கறை இருந்தால் எதை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்புவது என்று முடிவு செய்ய, மலிவாகவும் சடுதியிலும் பதில் தரும் புரதச் சோதனை இன்னும் தேவைப்படுகிறது. ஏழு ஆண்டோ அதற்கு மேலோ தண்டனை வரக்கூடிய குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கே வர வேண்டும் என்கிறது மேலே சொன்ன சன்ஹிதா. மாநிலங்கள் அதை முழுமையாக நடைமுறைக்குக் கொண்டுவரும்போது, ஆய்வகம் போய்ச் சேருமுன் நிகழும் சிதைவு குறையக்கூடும்.

எதிர்ச்சீரம் இதுவரை ஒரு கொலையாளியின் பெயரையும் சொன்னதில்லை, சொல்லப்போவதும் இல்லை. “மனிதன்” என்று அது சொல்வதைக் குற்றவாளி என்று படிப்பது தவறு. “தெரியவில்லை” என்று சொல்வதை நிரபராதி என்று படிப்பதும் தவறு. உங்கள் ஊரில் நாளை ஒரு மகஜருக்குச் சாட்சியாக உங்களைக் கூப்பிடலாம். கறை படிந்த துணி நிழலில் உலர்த்தப்பட்டதா, தனித்தனிக் காகித உறையில் போடப்பட்டதா, உங்கள் கண்முன் முத்திரை வைக்கப்பட்டதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஆய்வகம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.